கடலை நோக்கி அனுப்பிய அறிவித்தல்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. "என்ன, சுகமில்லையா?" என்று சிலர் விசாரித்தீர்கள். சுகத்துக்குக் குறைவில்லை. எழுத உட்கார்ந்தேன், முதல் வரியிலேயே எழுந்துவிட்டேன்... அவ்வளவுதான்.

இன்றும் இரண்டு தரம் எழுந்துவிட்டேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கல்முனை பஸாரில், மகளுக்குப் பிள்ளைப்பேற்று மருந்துச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றேன். மகள் நுஸ்ரத்துக்குப் பிள்ளை பிறந்து இரண்டு கிழமை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கட்டிக்கொடுப்போம். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். நுஸ்ரத்தின் வீடு கடற்கரை வீதியில் இருக்கிறது. ஊருக்குள்ளே காணி எங்கே மிச்சமிருக்கிறது?

போன் அடித்தது. கட்டாரில் வேலை செய்யும் மருமகன்.

"மாமா, இந்தோனேசியாப் பக்கம் பெரிய பூமியதிர்ச்சியாம். ஸ்ரீலங்காவுக்கும் சுனாமி எச்சரிக்கை எண்டு இங்க டிவியில போடுறாங்க. நுஸ்ரத் போன் எடுக்கிறா இல்ல."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பஸார் எப்போதும்போல இருந்தது. மீன்காரர் தராசைத் தூக்கிப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. யோசித்துப் பாருங்கள் – கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலைப் பற்றிய எச்சரிக்கை, எனக்குக் கட்டாரிலிருந்து வருகிறது!

சுனாமி வந்தால் ஊத வைத்த சைரன் டவர் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. எங்கள் கரையில்தான் நிற்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மாலை போட்டு, பேச்சுப் பேசித் திறந்து வைத்தார்கள். அதன் உச்சியில் இப்போது காகம் குடியிருக்கிறது. கீழே இருக்கிற வேலியில் வலை காயப்போடுகிறார்கள். அன்று அது ஒரு முனகல்கூட முனகவில்லை.

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், சைரன் ஊதவில்லையே சேர் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பொரு தரம் வதந்தியை நம்பி மைக்கில் சொல்லப்போய், ஊரே ஓடி, உறுதிப்படுத்தாமல் ஏன் சொன்னீர் என்று வாங்கிக்கட்டிக்கொண்டவர் அவர். இப்போது யாரிடம் உறுதிப்படுத்துவது? அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்துப் போன் ஓயாமல் அடித்தது. எடுக்க ஆள் இல்லை. கடைசியில் வருவது வரட்டும் என்று மைக்கைத் திறந்துவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை.

தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளி மைக் திறந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் – மௌத்து, யாரோ இறந்துவிட்டார். முதலில் ஸலாம். பிறகு "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்." அதற்குப் பிறகு இன்னாருடைய தகப்பன், இன்னாருடைய மாமனார், ஜனாஸா நல்லடக்கம் எப்போது என்கிற விபரம். அன்றும் அவருக்கு அந்த வரிசையிலேயே வாய் போனது. பயந்த மனிதனுக்கு வேறென்ன வரும்? பேரிடிக்கும் நாம் அந்த வசனத்தைத்தானே சொல்கிறோம்.

கடற்கரையோரம் கரைவலை இழுத்த ஒரு வயோதிபர், ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன், பல நாளாகப் படுக்கையில் இருந்தார். இன்றோ நாளையோ என்று ஊரே காத்திருந்தது. மைக்கில் முதல் வசனம் கேட்டதும் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், அவர்தான் என்று. மிச்சத்தை யார் கேட்டார்கள்? "ஆர், அந்தக் காக்காவா?" என்று ஆளாளுக்குக் கதைத்த சத்தத்தில் சுனாமி என்ற சொல் எங்கோ அமுங்கிப்போனது. எங்கள் ஆட்களுக்கு ஒரு நல்ல குணம் – மௌத்து என்றால் ஒரு நிமிடம் தாமதிக்க மாட்டார்கள். கடை ஷட்டர் இறங்கும். தொப்பி தலைக்கு ஏறும். அந்த நல்ல குணமே அன்று எங்களைக் கடலுக்கு அனுப்பியது.

நான் கடற்கரை வீதிக்குள் திரும்பினேன். சனம் எனக்கு எதிரே ஓடிவரும் என்று எதிர்பார்த்தேன். ஒருவருடைய முகமும் தெரியவில்லை. எல்லாம் முதுகு. ஆண்களும் பெண்களுமாகக் கரையை நோக்கி அமைதியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

ஹோர்னை அடித்தேன். கத்தினேன். தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் திரும்பி, "ஓம் சேர், கேட்டிச்சி. அதான் போறம்" என்றார். ஒருவரும் மௌத்தாகவில்லை, கடல் வருகிறதாம் என்று சொன்னதும் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நல்லவேளை, இன்னும் இரண்டு பேருக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. கூட்டம் நின்றது. அடுத்த நொடி திரும்பி ஓடியது. வீதி நிறையச் செருப்புகள். அந்த ஓட்டத்தை நான் அந்த டிசம்பரில் ஒருதரம் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் பார்க்க வேண்டாம் என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தவன்.

மகளின் வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கதவை இடித்தேன். நுஸ்ரத் மெதுவாகத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள். பிள்ளை தூங்குகிறதாம்.

"பள்ளியில சொன்னது கேக்கல்லியா மகள்?"

"கேட்டிச்சி வாப்பா. மௌத்துதானே? நான் புள்ளப் பெத்து நாப்பது நாளுக்குள்ள இரிக்கிறவ, மௌத்து வீட்டுக்குப் போகேலாதே. பச்சப் புள்ள பயந்திரும் எண்டு ஜன்னலச் சாத்திட்டன். உம்மாதான் போயிரிக்கா."

போனின் சத்தத்தையும் பிள்ளைக்காக நிறுத்தி வைத்திருந்தாள். எச்சரிக்கை அவள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததால்தான் அவள் பிள்ளையோடு உள்ளே அடைந்துகொண்டாள். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

தாயையும் பிள்ளையையும் ஓர் ஓட்டோவில் திணித்து, கடலிலிருந்து தள்ளி இருக்கிற சம்மாந்துறைப் பக்கம் அனுப்பினேன். பிறகு காக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் மௌத்துக்கு வந்த பெண்களைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார். என் மனைவி அவர்கள் நடுவில் நின்றாள். வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நாலு பேர் சேர்ந்து அவரைக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கினோம். வீட்டுக்குப் பின்னால் கடல் இரைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை முற்றத்தில், பொழுது சாய, மஃரிப் தொழுதோம். எச்சரிக்கையை நீக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அலை வரவில்லை. திரும்பி வீடு வந்து சேர்ந்த பிறகு என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது – உடனடியாகக் கரையை விட்டு விலகவும்!

மறுநாள் ஓர் அதிகாரி வந்தார். டவரை அண்ணாந்து பார்த்தார். பற்றரி செத்துப்போய்விட்டதாம், கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும்? அது அவருக்குத் தெரியாது.

தூரத்தில் பூமி அதிர்ந்தால் கடல் நமக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தைத் தின்றுவிடுவது நாம்தான். ஊதாத சைரனைவிட ஆபத்தானது எது தெரியுமா? சைரன் இருக்கிறது என்ற நினைப்பு. அது ஊதவில்லை என்பதையே நல்ல சேதியாக எடுத்துக்கொள்கிறோமே!

நுஸ்ரத் இப்போது பிள்ளையோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். நேற்றுக் காலை பள்ளி மைக் திறந்தது. அதே ஸலாம், அதே வசனம். நாற்பது முடியாத என் மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வீதிக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நடு வீதியில் நின்று கடைசிச் சொல்வரை கேட்டாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெண்மணி மௌத்தாகிவிட்டார்.

நுஸ்ரத்துக்கு மூச்சு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்... மௌத்துதான் வாப்பா" என்றாள்.

நான் அவளைக் கண்டிக்கவில்லை. என் வாயிலும் அதுதான் இருந்தது.