சும்மா ஓட்டின சைக்கிள்

எங்கள் ஹாஸ்டலில் லீவு நாளில் வெளியே போய் வருகிற பெண்ணின் நெற்றியைத்தான் முதலில் பார்ப்பார்கள். திருநீறு இருக்க வேண்டும். வெளியே போக இரண்டே காரணம்தான் செல்லும். ஒன்று சொந்த ஊர். இன்னொன்று வல்லக்கோட்டை முருகன். அதனால் சினிமாவுக்குப் போகிறவளும் முருகன், பிரியாணி தின்னப் போகிறவளும் முருகன். யாராவது ஒருத்தி நிஜமாகவே கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வருவாள். மற்றவர்கள் தெருமுனையில் அவளுக்காகக் காத்திருந்து, வாங்கிப் பூசிக்கொண்டு உள்ளே போவார்கள். வாட்ச்மேன் எங்களிடம் கேட்பதுகூட இல்லை. கிளம்பும்போதே முகத்தைப் பார்த்து, நோட்டில் 'கோயில்' என்று அவரே எழுதிவிடுவார். ஊரில் இருக்கிறவர்கள் எங்களைப் பெரிய பக்தி உள்ளவர்கள் என்று நினைத்திருப்பார்கள். அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

எனக்கு ராமநாதபுரம் ஜில்லா, கமுதிப் பக்கம். நாலு வருஷமாக ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஷிப்டு முழுக்க நின்றே செய்ய வேண்டும். ஆயுத பூஜைக்குக் கம்பெனி மூடினார்கள். எல்லோரும் ஊருக்குப் போனார்கள். நான் போகவில்லை. போனால் மாப்பிள்ளைப் பேச்சு. கோவளத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள் என்று லைனில் பக்கத்தில் நிற்கிறவள் முன்பு சொல்லியிருந்தாள். பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

கடைக்காரர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"எத்தினி பேரும்மா?"

"ஒரு ஆளு."

"வூட்டுக்காரு வண்டி வுட்டுட்டு வர்றாரா?"

"யாரும் வரல. நான்தான்."

"ரீல்ஸ் எடுக்கவா? அப்ப அந்த மஞ்ச சைக்கிள எடுத்துக்கோ. போட்டோல நல்லா வுழும்."

"ஓட்டத்தான்ணே வந்தேன்."

அவர் சிரித்தார். மஞ்சள் சைக்கிளையே கொடுத்தார்.

எனக்கு சைக்கிள் புதிதில்லை. பதினொன்றாம் வகுப்பில் கவர்ன்மெண்ட் கொடுத்த சைக்கிள் அண்ணனுக்கு வந்தது. நானும் பதினொன்று போயிருந்தால் எனக்கும் ஒன்று வந்திருக்கும். பத்தோடு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் சைக்கிளில்தான் போர் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தேன். பின்னால் இரண்டு பக்கமும் குடம், நடுவில் ஒன்று. காலையில் தண்ணீர், மத்தியானம் ரேஷன், சாயங்காலம் மறுபடியும் தண்ணீர். சுமை இல்லாமல் ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. இங்கே மிதித்துக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் தெரிந்தது, குடத்துக்குப் பயந்து உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்று. பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறகு வேகமாக மிதித்தேன்.

கடலோரச் சாலை என்று பேர். பாதி தூரம் காம்பவுண்டு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ரிசார்ட்டு, பங்களா, கடல். இந்தப் பக்கம் நாம். ஹெல்மெட் போட்டு, பளபளவென்று உடுப்புப் போட்டவர்கள் சைக்கிளில் கூட்டமாகத் தாண்டிப் போனார்கள். அவர்களை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஒரு பெரிய கேட் திறந்திருந்தது. உள்ளே நேராகக் கடல் தெரிந்தது. நின்று பார்த்தேன். செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"ஹவுஸ்கீப்பிங்கா? பின்னாடி கேட்டு வழியாப் போ."

"வேலைக்கு வரல. கடலப் பாக்குறேன்."

"கடலுக்கு இது வழியில்ல. எடு வண்டிய."

எடுத்தேன். சுவர்கள் முடிந்து சவுக்குத் தோப்பு வந்தது. ஒரு இடத்தில் மரம் விட்டுப்போய்ச் சாலைக்குப் பக்கத்திலேயே கடல். சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை. பசித்தபோது எழுந்தேன்.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். கை இரண்டும் வெயிலில் கறுத்திருந்தது. வார்டன் மேடம் வாசலில் நின்றார். இதே பக்கத்துக்காரர். அவர்கள் வயல் இருந்த இடத்தில்தான் ஹாஸ்டல் கட்டியிருக்கிறது.

"இன்னாடி, துண்ணூறு எங்க?"

"கோயிலுக்குப் போகல மேடம். கோவளம் போனேன். சைக்கிள் ஓட்ட."

"யாரு கூட?"

"தனியா."

"காதுல பூ சுத்தாத. சைக்கிளு ஓட்டறதுக்கு ஒருத்தி அம்மாந்தூரம் போவாளா? பையன் யாருன்னு சொல்லு. நான் இன்னா கடிச்சா துண்ணப்போறேன்?"

பையன் என்றிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். தனியாக என்றது புரியவில்லை. அண்ணனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தார்.

"எவன் கூட போன?"

"எவனும் இல்ல. சும்மா ஓட்டிட்டு வந்தேன்."

"பொம்பளப்பிள்ள ரோட்டுல சைக்கிள் ஓட்டித் திரிஞ்சா நான் எப்புடி ஊருக்குள்ள தல காட்டுறது? பெட்டியக் கட்டிட்டு நாளைக்கே கெளம்பு. வேலயும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

மூன்று குடத்தோடு அதே ஊர் ரோட்டில் அத்தனை வருஷம் ஓட்டினேன். அப்போது இவன் தலை நிமிர்ந்தே நடந்தான். அந்தத் தண்ணீரில்தான் குளித்தான்.

"வரல," என்றேன். "வேலய விட மாட்டேன்."

மேடம் போனை அணைத்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். "தபாரு, கோயிலுக்குப் போனேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஏற்கெனவே அப்பிடித்தான் எழுதிக் கீது. உங்கண்ணன்கிட்ட நானே பேசிக்கறேன். இல்லாங்காட்டி நான் உன்ன வெச்சிருக்க முடியாது."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் நான் செய்த ஒரே ஒரு காரியம் அது. எனக்காக என்று வேறெதுவும் செய்ததில்லை. அதையும் முருகனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

"கோயிலுக்குப் போகல மேடம்," என்றேன்.

மாசக் கடைசியில் ஹாஸ்டலைக் காலி செய்தேன். சேரப்பணஞ்சேரியில் ஒரு அறை. லைனில் கூட நிற்கிறவளும் வந்துவிட்டாள். கம்பெனி பஸ் அங்கே வராது. மெயின் ரோடு வரை நடக்கிறேன். வேலை போகவில்லை. அண்ணன் பேசுவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் அம்மா போன் செய்தாள். வீட்டுக்கு வெளியே வந்து பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"ஏத்தா, பொங்கலுக்கு வராத. அண்ணன் இன்னும் குதிச்சுக்கிட்டுத்தேன் இருக்கான்."

"சரிம்மா."

"நெசமாவே சும்மாத்தேன் ஓட்டுனியா?"

"சும்மாத்தேன்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"காத்து அடிச்சுச்சா?" என்றாள்.

"நல்லா அடிச்சுச்சும்மா."

"சரி. வையி."

பொங்கல் லீவில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு பக்கம் ஊர் பஸ்கள். என் பேச்சைப் பேசுகிறவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக முண்டியடித்தார்கள். "பரமக்குடி, ராமநாடு" என்று கண்டக்டர் கத்தினார். என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. "ஏறுத்தா, சீட்டு இருக்கு," என்றார். என் பெயரைக் கூப்பிட்டது போல இருந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபக்கம் போய் கோவளம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. ஊர் பஸ் முதலில் கிளம்பியது. அது தெற்கே திரும்பி மறையும்வரை ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் கொடுக்கிறவர் சீட்டுக் கம்பியைத் தட்டினார்.

"எங்கம்மா?"

கமுதி என்று வாய்வரை வந்ததை மாற்றி, "கோவளம், ஒரு ஆளு," என்றேன்.