ஜமீலா கழற்றிய பெட்டிகள்

ஸ்பீக்கர் வாங்க வருகிறவரிடம் ஜமீலா எடுத்ததும் விலை சொல்வதில்லை. கையிலிருக்கும் வயரைச் சீவிக்கொண்டே, "ஏனுங்க, உங்க ஊட்டுல பாட்டுக் கேக்கறவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்பார். பதில் தெரியாதவருக்குப் பொருள் கிடையாது; பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். ஏற்காட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இப்படியும் ஒரு கடை நடக்கிறது என்றால் நம்புவீர்களா? பதினெட்டு வருடமாக நடக்கிறது.

ஐம்பதை ஒட்டிய வயது. தலையில் இழுத்துச் செருகிய முந்தானை, மேலே கணவரின் பழைய காக்கி ஸ்வெட்டர், அதன் பையில் டெஸ்டரும் நாலு ஏலக்காயும். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தச் சொல்வார். பிறகு ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டி, கண்ணை மூடிக் கேட்பார். சத்தம் சுவரில் மோதி எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்க்கிறாராம்.

நான் பக்கத்துக் கரடியூரில் இருக்கிறேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி அத்தாயிக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் இடது காது மந்தமாகிவிட்டது. அதுவரை சாயங்காலமானால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்போம். காய்ச்சலுக்குப் பிறகு, வெறும் இரைச்சலாக இருக்கிறது என்று சமையற்கட்டுக்கு எழுந்து போக ஆரம்பித்தாள். அவளைத் திரும்ப உட்கார வைத்துவிட வேண்டும் என்று நானும் பெட்டி பெட்டியாக வாங்கினேன். இரண்டு ஸ்பீக்கர் ஆறானது. அப்புறம் ஈக்வலைசர். அதற்கும் மேல், பாத்திரமெல்லாம் அதிர ஒரு பேஸ் பெட்டி. அவள் வாசலுக்கே போய்விட்டாள்.

இன்னொன்று வாங்கத்தான் ஜமீலாவின் கடைக்குப் போனேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் உட்காருவதே இல்லையம்மா என்றேன். கடையைச் சாத்திவிட்டுக் கூடவே பஸ் ஏறிவிட்டார்.

ஹாலில் அண்ணாந்து பார்த்தார். பனி இறங்கிக் கெடுத்துவிடுமே என்று மலைக்காரர்கள் பலரும் செய்வதைத்தான் நானும் செய்திருந்தேன். ஸ்பீக்கர் அத்தனையும் ஓட்டுக்குக் கீழே உயரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள். "குளுருதுன்னு அதுக்குஞ் சொட்டர் போட்டுட்டீங்களாக்கு, ரைட்டரண்ணா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஏணியை எடுத்து வந்து போட்டேன்.

நாலு ஸ்பீக்கர், ஈக்வலைசர், பேஸ் பெட்டி எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. ஈரத்தில் பச்சை பூத்த வயர் நுனிகளை வெட்டிப் புதிதாகச் சீவினார். மிஞ்சியது ஓர் ஆம்ப்ளிஃபையரும் இருப்பதிலேயே பழைய இரண்டு ஸ்பீக்கரும். அவற்றை ஸ்டூல் மேல், உட்காருகிறவர் காது உயரத்துக்கு வைத்து, சுவரைவிட்டு முன்னே தள்ளினார். கை தட்டினார், முகம் சுளித்தார். வீட்டில் காப்பிக்கொட்டை மூட்டை இருக்கிறதா என்று கேட்டார். மூன்று இருந்தன. சுவரோரம் அடுக்கியதும் அறை எதிரொலிக்காமல் அடங்கிவிட்டது. என் காப்பிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்று நான் கண்டேனா!

பிறகு அத்தாயியைக் கூப்பிட்டு, எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று விசாரித்தார். அந்தக் காதுக்குத் தோதாக அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாட்டை வைத்தார். அத்தாயி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"வார்த்தை வார்த்தையா கேக்குதுங்க அம்மிணி" என்றாள்.

என் கண் கலங்கிவிட்டது. அதை ஏன் மறைக்க வேண்டும்? இந்த அம்மாளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஜமீலா சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். அத்தாயியின் உதடு பாட்டோடு ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்குத்தான் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அதை அவர் கவனித்துவிட்டார். கிட்டே வந்து, கையசைத்து என்னை எழுப்பி, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார்.