தாசில்தார் எழுதாமல் விட்ட சிபாரிசு

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் தாலுகா அலுவலகத்து வராந்தாச் சுவரோரம் துப்பாக்கிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். லைசென்ஸ் வைத்திருக்கிற குடியானவர்கள் அன்று அவற்றைக் கொண்டுவந்து காட்டிப் பதிவு செய்துகொண்டு போக வேண்டும். சாக்கில் சுற்றி, பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிள் பாரில் கட்டி, பஸ்ஸில் முழங்காலுக்கிடையே நிறுத்திக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள். காட்டுப்பன்றியிடமிருந்து கடலையைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய அட்டையை நூலால் கட்டுவது என் வேலை. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கோரிப்பாளையத்து வாடகை வீட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்துத் திருச்சி ரோட்டில் வந்து இறங்குவேன். எழுபதுகளின் கடைசி வருஷங்கள். முதல் தடவை ஒரு குழலைத் தொட்டபோது, அந்த வெயிலிலும் அது அவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அன்று தாசில்தாராக இருந்தவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனு வாங்கும்போது எழுந்து நின்று வாங்குவார். நான் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் எத்தனை சொன்னாலும் உட்கார மாட்டார்கள், அதனால் நானும் நின்றுவிடுகிறேன் என்று ஒரு தடவை சொன்னார். ஒரு பைலை இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பது மேலிடத்து அதிகாரம் என்றாலும் கீழே தாசில்தார் சிபாரிசு எழுதாமல் எந்த மனுவும் நகராது. ‘மனுதாரர் நல்லொழுக்கமுள்ளவர், முன்விரோதம் ஏதுமில்லை’ என்ற அந்த இரண்டு வரியை நான் எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன்.

அப்படிச் சிபாரிசு பெற்ற ஒரு மனுதாரர், லைசென்ஸ் கிடைத்த மூன்றாவது மாதம், தன் கடலைக் காட்டுக்குள் ஆடுகள் இறங்கியதற்காகப் பக்கத்துக் காட்டுக்காரரோடு சண்டை போட்டார். நடுப்பகல். பயமுறுத்தத்தான் தூக்கினேன் என்று பிறகு அழுதாராம். ரவை சிதறிப் பாய்ந்தது, அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து வரப்பில் நின்றிருந்த பக்கத்துக் காட்டுக்காரரின் மகள் மேல். பதினாறு வயது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே இறந்துபோனாள்.

தாசில்தார் அந்த ஊருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். அறைக்குள் போனவர் என்னைக் கூப்பிட்டு அந்தப் பைலை எடுத்துவரச் சொன்னார். தான் கையெழுத்திட்ட பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “எல்லா லைசென்ஸ் பைலையும் எடுங்கம்மா. ஒண்ணு விடாம” என்றார்.

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். புதுப்பிக்க வந்த ஒவ்வொரு மனுவுக்கும் நேரில் போய் விசாரித்தார். மலையோரமா, பன்றி வருகிறதா, வீட்டில் குடிக்கிறவர் உண்டா, பங்காளித் தகராறு உண்டா. ஏதாவது ஒன்று இடறினாலும் ‘புதுப்பிக்கச் சிபாரிசு செய்ய இயலவில்லை’ என்று எழுதினார். மேலேயும் அந்தச் சமயத்தில் கெடுபிடி அதிகம்தான். அவர் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை. துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகப் போலீஸ் ஸ்டேஷன் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த வருஷம் வராந்தாவில் பாதிச் சுவர் காலியாக இருந்தது.

கேட்க வந்தவர்களிடம் அவர் சொல்கிற காரணம் எனக்கு மனப்பாடம். “அருவாள்னா கிட்டப் போகணும்யா. நடந்து போறதுக்குள்ள பாதிப் பேருக்குக் கோவம் ஆறிரும். இல்ல, இடையில யாராச்சும் கையப் பிடிச்சிருவாங்க. துப்பாக்கி அந்த நேரத்தக் குடுக்காது.” அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் தலையாட்டியிருக்கிறேன். எனக்கு அது முழு நியாயமாகப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை நான்தான் அறிக்கையில் தட்டச்சு செய்தேன்.

கொட்டாம்பட்டியைத் தாண்டி, மலைப் பக்கமாக உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரிலிருந்து புருஷனும் பெஞ்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். புருஷனுக்கு நாற்பது வயது இருக்கும். அவர்களுடையது கூலிக்குப் போய்ச் சேர்த்துச் சேர்த்து அந்தத் தலைமுறையில்தான் சொந்தமாக மண் வாங்கிய குடும்பம். பக்கத்து நிலத்துக்காரர்களோடு வண்டிப்பாதைத் தகராறு. அதை மறைக்காமல் அவரே சொன்னார். மறைத்திருந்தால் ஒருவேளை லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

“நான் சுடப்போறதில்லைங்கய்யா,” என்றார். “வீட்டுச் செவத்துல மாட்டியிருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். அந்த ஒண்ணுக்காகத்தான் இம்புட்டு நாளா பாதைல என்னைய நடக்க விடுறாங்க.”

“அந்தப் பேச்சுதான்யா எனக்குப் பயமா இருக்கு,” என்றார் தாசில்தார். “ஒரு நாளைக்கு அவங்க அதையும் மீறி வந்தா?”

பக்கத்தில் நின்ற பெஞ்சாதி, “அப்ப எங்களுக்கு என்னங்கய்யா இருக்கு?” என்று கேட்டார். போலீஸில் மனு கொடுங்கள், பாதையை அளந்து கல் நட நான் சர்வேயரை அனுப்புகிறேன் என்றார் தாசில்தார். அனுப்பவும் செய்தார். சர்வேயர் போய் அளந்து கல்லும் நட்டார். இரண்டே வாரத்தில் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த ஐந்தாம் மாதம், காலை பதினோரு மணிக்கு, அவருடைய மோட்டார் ரூமுக்கு வெளியே அந்த மனிதரை வெட்டிப் போட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர். அருவாள்தான். நடந்துதான் வந்தார்கள். அரை மைல் தூரம், வெட்டவெளியில், ஊரே பார்க்க நடந்து வந்தார்கள். கோபம் ஆறவில்லை. கையைப் பிடிக்கவும் யாரும் போகவில்லை.

செய்தி வந்த அன்று தாசில்தார் சாப்பிடவில்லை. பியூன் கொண்டுவைத்த டிபன் கேரியர் அப்படியே திரும்பிப் போனது. அந்தப் பெஞ்சாதி பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்காக வந்தார். தாசில்தார் வழக்கம்போல எழுந்து நின்றார். அந்தம்மா சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. மனுவை நீட்டிவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல ஒன்றைக் கேட்டார்.

“அது வீட்டுல இருந்திருந்தா வந்திருப்பாங்களாய்யா?”

மனுவை வாங்கிய தாசில்தாரின் கை நீட்டியபடியே இருந்தது.

அடுத்த வாரமே இன்னொரு பெண் வந்தாள். வெட்டிய இருவரில் இளையவனுடைய அம்மா. மகனுக்கு ஜாமீன் எடுக்கச் சொத்துச் சான்றிதழ் வேண்டும். வயதான, ஒடிசலான பெண். தாசில்தார் காலில் விழப்போனாள். அவர் பதறி விலக, அவள் சொன்னாள்: “நீங்க மகராசனா இருக்கணும்யா. அந்தத் துப்பாக்கிய நீங்க வாங்காம இருந்திருந்தா என் மகனத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. செயில்லயாச்சும் உசுரோட இருக்கான்.”

இதைவிட அந்த மண் வாரித் தூற்றுதலே தேவலை என்று எனக்குத் தோன்றியது. அவள் போன பிறகு தாசில்தார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மாதம் போல அவர் ஒரு காரியம் செய்தார். தாலுகாவின் எல்லாக் கிராம முன்சீப்புகளிடமிருந்தும் இறப்புப் பதிவேடுகளை வரவழைத்தார். துப்பாக்கிகளைத் திரும்ப வாங்குவதற்கு முன் எத்தனை பேர் அடிபட்டும் வெட்டுப்பட்டும் சுடப்பட்டும் செத்தார்கள், வாங்கிய பிறகு எத்தனை பேர் என்று பிரித்து எழுதச் சொன்னார். யாரும் கேட்காத கணக்கு அது. நான்தான் மத்தியான வேளைகளில் உட்கார்ந்து எழுதினேன். சுடப்பட்டுச் செத்தவர் பத்தி பிற்பாடு காலியாகிவிட்டது உண்மை. பக்கத்தில் வெட்டுப்பட்டவர் பத்தி கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் அது துப்பாக்கி இல்லாததால் கூடியதா, அந்த வருஷம் மழை பொய்த்துக் கிணற்றுக்குக் கிணறு சண்டை வந்ததால் கூடியதா? கூடியது என்று சொல்லும் அளவுக்காவது அது பெரிய எண்ணிக்கையா? நடக்காமல் போன கொலையை எந்தப் பதிவேட்டில் தேடுவது? அந்தத் தாளை அவர் முன் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, இதுல குறைஞ்சிருக்கா கூடியிருக்கா?” என்று என்னிடமே கேட்டார்.

“தெரியல சார்,” என்றேன்.

இப்போது டெலிவிஷனில் வேறு தேசங்களின் செய்தி வரும்போதெல்லாம், துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினால் கொலை குறையும் என்று ஒருவரும் குறையாது என்று ஒருவரும் அடித்துப் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் பெரிய படிப்புப் படித்தவர்கள். லட்சக்கணக்கான ஆட்களின் கணக்கை வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒரு தாலுகாவைத்தான் தெரியும். இருபத்து நான்கு வயதில் தலையாட்டியதைப் போல, இன்றும் துப்பாக்கி வேண்டாம் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. சாயும்போதே அந்த மோட்டார் ரூம் கண்ணில் வந்து நிற்கிறது. வரப்பில் நின்ற பெண்ணை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொள்ளப் பார்ப்பேன். இவளுக்காக அவர் செத்தது சரி என்று சொல்ல வாய் வருவதில்லை.

தாசில்தாருக்கு மாற்றல் உத்தரவு வந்த சமயத்தில்தான் கடைசி மனு வந்தது. வெட்டுப்பட்டவரின் பெஞ்சாதி, ஸ்டேஷனில் கிடக்கும் துப்பாக்கியைத் தன் பேருக்கு மாற்றி லைசென்ஸ் தரும்படி எழுதியிருந்தார். ஒரு பெண் தன் பேருக்குத் துப்பாக்கி கேட்டு நான் பார்த்த முதல் மனு. வெட்டியவர்கள் ஜாமீனில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், தினமும் அதே பாதையில்தான் போகிறார்கள், இரண்டு பெண்பிள்ளைகளோடு நான் தனியாக அந்தக் காட்டில் இருக்கிறேன் என்று இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. கீழே கைநாட்டு.

அந்த மனுவைத் தாசில்தார் பதினெட்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தார். மற்ற பைல்கள் அதன் மேலே வந்து உட்காரும். சாயங்காலம் அவை போய்விடும். இது மட்டும் அங்கேயே இருக்கும். ஒரு நாள் பென்சிலால் ‘சிபாரிசு செய்யலாம்’ என்று எழுதியிருந்தார். மறுநாள் பார்த்தபோது அழித்திருந்தது. இன்னொரு நாள் ‘இயலவில்லை’. அதுவும் அழிக்கப்பட்டது. தாளில் அந்த இடம் தேய்ந்து மெலிந்துபோயிருந்தது. கடைசி நாள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது அவர் அதை என் கையில் கொடுத்தார். “வர்றவர் பாத்துக்குவார்மா,” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் ஒரு வேலையை முடிக்காமல் விட்டுப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வந்தவர் நல்ல மனிதர்தான். பைலை ஒரு தடவை புரட்டினார், முன்விரோதம் உள்ள இடம் என்று பார்த்தார், நிராகரித்தார். விதிப்படி சரி. ஆணையை நான் தட்டச்சு செய்தேன். வாங்கிக்கொள்ள அந்தப் பெண் நேரிலேயே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

பல வருஷம் கழித்து, எண்பதுகளின் கடைசியில், ஒரு கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். ரிட்டயரான தாசில்தார் அங்கே ஒரு தெருவில் குடியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நிற்க முயன்றார், முழங்கால் விடவில்லை. அவர் மனைவி காப்பி கொடுத்தார். என் பிள்ளைகளைப் பற்றி, அலுவலகத்தைப் பற்றி, பியூன் இறந்ததைப் பற்றிப் பேசினோம். கிளம்புகிற நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

“அந்தம்மாவுக்கு என்ன பதில் போச்சு?”

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. “நிராகரிச்சாச்சு சார். நான்தான் படிச்சுக் காமிச்சேன்.”

“என்ன சொல்லுச்சு?”

“தாள மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, ‘அப்ப நான் என்னம்மா செய்யணும்’னு என்னையக் கேட்டாங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நீங்க என்ன சொன்னீங்க?”

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட.

“கொட்டாம்பட்டிக்கு மூணே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு, அத விட்டா ஆறரைக்குத்தான்னு சொன்னேன் சார்.”

தெருவில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது.

“நானும் அதத்தாம்மா சொல்லியிருப்பேன்,” என்றார்.