ஒரு காது மட்டும் தெரிகிற படம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் இஞ்சின் ஃபயர்மேன் இருந்தார். அவர் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. நாலு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் மிச்சம். படம் வைத்துப் பூப் போட வேண்டும், அந்தப் பிள்ளை கும்பிட ஒரு முகம் வேண்டும் என்று ஃபயர்மேனின் அக்காள் சொன்னபோதுதான், இறந்துபோனவள் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது.

"அண்ணே, கிள்ளான்ல ஒரு சீனர் இருக்காராம். செத்தவங்கள பாக்காமலே வரைவாராம். கூட வரீங்களா? நீங்கதான் படத்தப் பத்தியெல்லாம் படிச்சவங்க" என்று ஃபயர்மேன் என்னிடம் வந்தார்.

நான் படத்தைப் பற்றிப் படித்தவன் என்ற வதந்திக்கு மூலகாரணம் நானேதான். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, என்னைப் போல ஆபீஸ் குமாஸ்தாக்களான மற்ற கிராணிமார்கள் எல்லாரும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் குரல் கொடுத்தார்கள். நான் மட்டும் ஐரோப்பிய ஓவியங்கள் பற்றிய ஒரு தடிப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். கட்டிலாக இருந்திருந்தால் படுத்தாவது இருக்கலாம் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

கிள்ளானில் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்க இறந்துபோன சீனர்கள், எல்லாரும் ஒரே நாற்காலியில். நேர் முகம், மடியில் கை, இரண்டு காதும் சமமாகத் தெரியும். ஓவியர் வயதானவர். பாசார் மலாயில், அதாவது சந்தை மலாயில், பேசினார். இறந்தவரை அவர் பார்த்ததில்லை என்பதால் அவரிடம் ஓர் ஏடு இருந்தது. ஒரு பக்கத்தில் மூக்குகள், ஒரு பக்கத்தில் கண்கள், அப்புறம் புருவம், வாய், தாடை. உறவுக்காரர்கள் புரட்டிப் பார்த்து விரல் வைத்துக் காட்ட வேண்டும். அவர் அதையெல்லாம் சேர்த்து ஒரு முகமாக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்.

ஃபயர்மேன் மூக்குப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூக்குத்தி ஞாபகம் இருக்குண்ணே. சிவப்புக்கல்லு."

"மூக்கு?"

"மூக்கு... மூக்குத்திக்குப் பின்னாலதான் இருந்திச்சு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவர் ஒரு மூக்கைக் காட்டினார். பிறகு ஓவியர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். படம் வந்தபோது, மலாய் நாட்டில் யாருக்குமே இல்லாத ஒரு முகம் சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஃபயர்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "அவதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அவதானேண்ணே?" என்றார்.

இதை நான் வீட்டில் ஒரு நல்ல நகைச்சுவைக் கதையாகச் சொன்னேன். மூக்குத்திக்குப் பின்னால் இருந்த மூக்கு என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தி நிறுத்தியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. என் மனைவி சிரிக்கவில்லை. அவள் அப்போது மாசமாக இருந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, இனி இல்லை என்று இரண்டு பேரும் சொல்லாமலே விட்டுவிட்ட பிறகு வந்த கர்ப்பம். மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டவள், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம்.

"கண்ண மூடுங்க" என்றாள்.

மூடினேன்.

"என் மொகத்துல மச்சம் எந்தப் பக்கம்?"

அவளுக்கு மச்சம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும் என்று சொன்னால் மிகை. இருப்பது தெரியும். இடம்தான் தெரியவில்லை. குத்துமதிப்பாக "வலது" என்றேன்.

"எனக்கா, உங்களுக்கா?"

இப்படி ஒரு குறுக்குக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கண்ணத் தொறங்க" என்றாள். "அவருக்கு மூக்குத்தியாவது ஞாபகம் இருந்திச்சு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம புள்ள எவ மூக்கையோ கும்பிட்டுக்கிட்டு நிக்கும். நான் போயி உக்காந்து வரைஞ்சுக்கிறேன்."

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸில் பார்சல் ரசீதுக்கு நடுவே அவள் முகத்தை வரவழைக்கப் பார்ப்பேன். கொண்டை வரும், முதுகு வரும், அடுப்பின் முன் குனிந்த கழுத்து வரும். முகம் மட்டும் வாசல்வரை வந்து திரும்பிவிடும். சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, சாப்பிடும்போது அவளையே உற்றுப் பார்ப்பேன்.

"என்ன மொறைக்கிறீங்க? குழம்புல உப்பு இல்லையா?"

எந்த மாதிரி உட்கார்ந்து வரைந்துகொள்வது என்று தேர்ந்தெடுக்க அந்தத் தடிப்புத்தகத்தை எடுத்தேன். ஏலத்தில் வாங்கியதை நியாயப்படுத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஒவ்வொரு பக்கமாக விளக்கினேன். ஆரம்ப காலத்து இத்தாலியப் பெண்களைப் பக்கவாட்டில்தான் வரைவார்கள், நாணயத்தில் ராஜா தலை மாதிரி. பெண்ணை விட அவள் கழுத்தில் கிடக்கும் நகைதான் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் கல்யாணத்துக்காக எழுதியது, சீர்வரிசையில் அதுவும் ஒன்று. பிறகு மெல்ல முகத்தை முக்கால்வாசி நம் பக்கம் திருப்பினார்கள். ஹாலந்துக்காரர்கள் வெள்ளைக் குல்லாய் போட்டுக் கையைக் கட்டி உட்காரவைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முகத்தில் மாவு பூசி மடியில் நாய்க்குட்டியைக் கொடுத்தார்கள். இங்கிலீஷ்காரர்கள் மழை வருகிற மாதிரி வானத்துக்குக் கீழே பட்டுச் செருப்போடு நிற்கவைத்தார்கள். நம் நாட்டிலும் கதை வேறல்ல. மொகலாயச் சித்திரத்தில் ஜன்னலோரம் ரோஜாப்பூவோடு நிற்பாள். இப்போதைய எண்ணெய்ச் சாயப் படத்தில் குத்துவிளக்கோ வீணையோ கையில் இருக்கும். விசிறி, பூ, பழம், கடுதாசி என்று கை ஒருபோதும் வெறுமையாக இராது.

என் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"இத்தன பேரும் உக்காந்தே இருக்காளுங்களே. ஒலைய யார் வச்சா?"

"வேலைக்காரிகள் இருந்திருப்பார்கள்" என்றேன்.

"அவளுங்கள யாரும் வரையலையா?"

தேடினேன். ஒருத்தி கிடைத்தாள், பாத்திரம் கழுவிக்கொண்டு. ஆனால் முகம் பாத்திரத்தைப் பார்த்துக் குனிந்திருந்தது.

"வாய மூடாம ஒருத்திகூட இல்ல பாருங்க" என்று புத்தகத்தை மூடினாள். "எல்லாரும் எழுந்துக்கலாமான்னு கேக்க பயந்துக்கிட்டு உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

இத்தனை பக்கத்தையும் வருஷக்கணக்காகப் புரட்டிய எனக்கு இது தோன்றவில்லை. கழுத்தின் வளைவு, துணியின் மடிப்பு, வெளிச்சம் விழுகிற கோணம், இவைதான் தோன்றியிருந்தன.

விஷயம் வெளியே கசிந்தது. ஃபயர்மேனின் அக்காள் வந்து, வயிற்றில் பிள்ளையோடு படம் எழுதினால் அந்தப் படம் உயிரை உறிஞ்சிவிடும் என்றாள். நான் பகுத்தறிவு பேசுகிறவன். ரீடிங் ரூமில் மூடநம்பிக்கை பற்றி ஒரு சொற்பொழிவே செய்திருக்கிறேன். அன்று மட்டும், "ஒரு மாதம் தள்ளிப் போடலாமே" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"தள்ளிப்போட்டு? அப்புறம் நீங்க போயி விரல் வச்சுக் காட்டுவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினோம். பத்து தீகா ஸ்டேஷன்வரை நான் ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கரி உள்ளே வருகிறது என்று அவள் மூடினாள்.

கடையில் ஓவியர் என்னை அடையாளம் கண்டு, அனுதாபத்தோடு தலையை ஆட்டி ஏட்டை எடுத்தார். இந்தத் தடவை இறந்தது யார் என்று கேட்டார்.

"சாயா" என்றாள் என் மனைவி. நான்தான், என்று அர்த்தம்.

அவர் கையிலிருந்த ஏடு அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாத்தி?" என்று, செத்துவிட்டாளா என்ற அர்த்தத்தில், மெதுவாகக் கேட்டார்.

"பெலோம்" என்றேன். இன்னும் சாகவில்லை என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். சந்தையில் பேசிப் பேசி என்னைவிட நன்றாக மலாய் பழகியவள் அவள். என்னை ஒதுக்கிவிட்டு அவளே பேசினாள்.

அவர் முடியாது என்றார். இந்த நாற்காலி போனவர்களுக்கானது. இரண்டு காதும் தெரிய நேராக உட்காரவைத்தால் அது கும்பிடுகிற படம். உயிருள்ளவளை அப்படி உட்காரவைத்தால் அவளுக்கும் ஆகாது, வரைகிற எனக்கும் ஆகாது. போட்டோக் கடைக்குப் போங்கள்.

"போட்டோக்காரன் மூச்ச புடிச்சிக்கிட்டு அசையாம இருங்கறான். அசையாம இருந்தா அது நான் இல்லையே" என்று அவள் என்னிடம் தமிழிலும் அவரிடம் மலாயிலும் சொன்னாள். "நாற்காலி வேணாம். ரெண்டு காது வேணாம், ஒண்ணு போதும். செத்தவங்க செய்யாதது ஏதாச்சும் செய்யறேன், அத வரைங்க."

அவர் ஏட்டை மூடி வைத்தார். பிறகு நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அவளை ஒரு பெஞ்சில் பக்கவாட்டில் உட்காரச் சொன்னார். செத்தவர்கள் செய்யாதது எது என்று கேட்டார்.

"பேசறது" என்றாள். என் பக்கம் திரும்பித் தொடங்கினாள். கூரை ஒழுகுவதை ஆபீஸில் சொல்லச் சொன்னது என்னாயிற்று, குடையை எங்கே விட்டீர்கள், மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்ப ஆள் யார், அவள் வராவிட்டால் என்ன செய்வீர்கள், ஏன் பதில் சொல்லாமல் சுவரைப் பார்க்கிறீர்கள். கரிக்குச்சி தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் அத்தனை பேரும் இரண்டு காதோடு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். ஒரு காது. புருவம் சுருங்கியிருந்தது. வாய் ஒரு சொல்லின் நடுவே திறந்திருந்தது. கையில் விசிறி இல்லை, பூ இல்லை. ஒரு விரல் நீண்டு, படத்துக்கு வெளியே இருக்கிற யாரையோ, அதாவது என்னை, சுட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தில் இப்படி ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. கம்பீரம் போதாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தான்" என்றாள் அவள். அவள் யாரையும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பழைய சேலையில் சுற்றி முன்னறைத் தகரப் பெட்டியில் வைத்தாள். "நான் இருக்கிறவரைக்கும் இது சுவத்துக்கு வரக் கூடாது. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா வெளிய எடுங்க. இல்லன்னா தொடவே கூடாது."

வலி கண்டது ஒரு காலை நேரத்தில். மருத்துவச்சி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் முன்னறைக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டு இழுக்க மறந்து வந்தேன். புத்தகத்தைத் திறந்தேன். மடியில் நாய்க்குட்டியோடு ஒரு சீமாட்டி, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்தாள். மூடினேன். உள்ளே சத்தம் ஏறியது, பிறகு நின்றது. நின்றதுதான் தாங்க முடியவில்லை. என் கால் தன்னால் தகரப் பெட்டியின் பக்கம் போயிற்று. மூடியைத் திறக்கப் போகிறேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து கரி முகத்தோடு ஃபயர்மேன் வந்தார். கதவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"அதிலதானா இருக்கு?"

"ஆமாம்."

அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு, "நகருங்க" என்று அவரும் பெட்டியின்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்திரிச்சிராதீங்கண்ணே" என்றார். தகரம் இரண்டு பேர் கனத்தில் முனகியது. அவர் சுருட்டைப் பற்றவைத்தார். நான் சுருட்டுப் பிடிப்பதில்லை. அன்று ஒன்று வாங்கிப் பிடித்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. குழந்தையின் குரல் கேட்டது. ஃபயர்மேன் என் கையைப் பிடித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. அவர் வீட்டிலும் முதலில் குழந்தையின் சத்தம்தான் கேட்டதாம். இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, நீர்த்துப்போன, ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு குரல் வந்தது: "யாரு அங்க சுருட்டு புடிக்கிறது?"

ஃபயர்மேன் சுருட்டைச் சட்டென்று அணைத்தார். முதலில் அவர்தான் எழுந்தார்.

மருத்துவச்சி கதவைத் திறந்ததும் உள்ளே போனேன். ஜன்னலில் போர்வை கட்டியிருந்தார்கள். அந்த மங்கலில் நான் பாய் ஓரம் மண்டியிட்டு அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே, கன்னத்தின் மேட்டில் இருந்தது அது. இடது பக்கம். அவளுக்கு இடது. எனக்கு வலது. முன்பு நான் சொன்னது பாதி சரிதான் என்று வாதாட இது நேரமில்லை என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்திருக்க வேண்டும்.

"புள்ள இந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.