கிணற்றின் மேல் கிடந்த துண்டு

பதினோரு நிமிடம். 2011 மார்ச் 16, புதன்கிழமைக் காலை வரை, ரேகா உருவாக்கிய ஊரில் அதற்கு மேல் யாரும் உயிரோடு இருந்ததில்லை.

ஊர் என்றால் கணினி விளையாட்டுக்குள் இருக்கும் ஊர். வெற்று நிலம், ஒரு கிணறு, நாற்பது குடியேறிகள். ஆடுகிறவர் வீடு எங்கே, வயல் எங்கே என்று இடத்தைக் காட்டினால் போதும். யார் எதைச் செய்வது, எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதை அந்த நாற்பது பேருமே முடிவு செய்வார்கள். வெற்றி தோல்வி கிடையாது, ஊர் நடக்க வேண்டும். அவர்களுக்கான புத்தியைத்தான் ரேகா மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கடலூர் அந்தோணிசாமியின் மூத்த மகள். வயது இருபத்தெட்டு. சிதம்பரம் மேல வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள். மறுநாள் வியாழக்கிழமை, சென்னையில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் ஊரை ஓட்டிக் காட்ட வேண்டும். அவள் கை வைக்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் அங்கே வேலை.

சிதம்பரம் வண்டி கடலூர் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் உள்ளே விழும். துண்டு கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் உண்டு. இந்த விதியைத்தான் ரேகா தன் ஊருக்குக் கொண்டுபோயிருந்தாள். ஆரம்பத்தில் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுத்து, எல்லோரும் ஒரே வாளியை நோக்கி ஓடி முட்டிக்கொண்டு நின்றார்கள். இப்போது ஒரு வேலைக்குக் கிளம்புகிறவன் முதலில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டைப் போடுவான். முடிந்ததும் எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் அதுவரை தொடமாட்டார்கள்.

நெரிசல் தீர்ந்தது, சாவு தீரவில்லை. எட்டாவது நிமிடம் கிணற்றடியில் ஒரு பாம்பு வந்து வாளியை எடுக்கப் போகிறவனைக் கடிக்கும். அது அவளே வைத்தது, ஆபத்தில்லாத ஊர் அலுத்துவிடும் என்று. ஒருவன் போனால் முப்பத்தொன்பது பேர் இருக்க வேண்டும். ஆனால் பதினோராவது நிமிடம் அவர்களும் தாகத்தில் விழுந்தார்கள், தண்ணீர் நிறைந்த கிணற்றைச் சுற்றி நின்றபடியே. தாகத்தின் அளவை மாற்றிப் பார்த்தாள். பாதைகளை மாற்றினாள். கிணற்றையே இடம் மாற்றினாள். துண்டை மட்டும் அவள் சந்தேகிக்கவில்லை. அதில் அவளுக்குப் பெருமை.

"உன் ஜனமெல்லாம் நேத்தும் போய்ச் சேந்துடுச்சா?" என்றாள் மாலதி, அந்தப் புதன்கிழமை வண்டியில். சிதம்பரத்தில் வங்கி வேலை, தினமும் ரேகாவோடு அதே வண்டி.

"பதினோரு நிமிஷம்."

"உங்க சர்ச் ஃபாதர்கிட்ட சொல்லி நாப்பது பேருக்கும் சேத்து ஒரே பூசையா வச்சிரு. தினம் தினம் அழுவ முடியாது."

வண்டி கிளம்பியது. நிற்க இடமில்லாத கூட்டம். நின்றிருந்த அவர்களுக்குப் பக்கத்தில் இருவர் உட்காரும் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் பச்சைத் துண்டு. ஆலப்பாக்கம் வரை யாரும் உட்காரவில்லை. நடத்துனர் பழனிவேல் நெருக்கிக்கொண்டு வந்தார்.

"யாருதுங்க இந்தத் துண்டு?"

சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"டீ குடிக்கப் போன ஆளா இருக்கும். ஏறவே இல்ல. ஆளே இல்லாத துண்டுக்கு இத்தினி பேரு காவலா? வண்டி எடுத்துட்டா துண்டு செல்லாதும்மா, ஒக்காருங்க." துண்டை உருவிக் கம்பியில் போட்டார்.

மாலதி உட்கார்ந்தாள். ரேகா நின்றுகொண்டே இருந்தாள்.

"பக்கிரி," என்றாள்.

"யாருடி அவன்?"

"பாம்பு கடிச்சு செத்தவன். அவன் துண்டு இன்னும் கெணத்து மேலயே கெடக்கு. எடுக்க ஆளில்ல."

"மொதல்ல ஒக்காரு. எல்லாரும் உன்னையே பாக்குறாங்க."

பத்து மணிக்கு மின்வெட்டு. சென்டருக்குள் நுழையும்போது மணி ஒன்பது இருபது. செத்தவனின் துண்டு அந்த நொடியே செல்லாது என்று ஆறு வரி எழுதினாள். ஊர் பதினோரு நிமிடத்தைக் கடந்தது, இருபதைக் கடந்தது. இருபத்து மூன்றில் மின்சாரம் போய்விட்டது. அது திரும்பியபோது வகுப்புகள் தொடங்கிவிட்டன, சாயங்காலம் எல்லாவற்றையும் சி.டி.யில் பதிய மட்டுமே நேரம் கிடைத்தது. ஒரு மணி நேரம் தாங்குமா என்று தெரியாமலேயே சி.டி.யைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலை சென்னை வண்டி ஏறினாள்.

நிறுவனத்தில் திருநாவுக்கரசு என்பவர் திரைக்கு எதிரில் உட்கார்ந்தார். எட்டாவது நிமிடம் பாம்பு வந்தது. பக்கிரி விழுந்தான்.

"என்னம்மா, அதுக்குள்ள ஒரு விக்கெட்டா?"

"இனிமேதான் சார் பாக்கணும்."

கொளஞ்சி என்ற குடியேறி கிணற்றருகே வந்தான், நின்றான், வாளியை எடுத்தான்.

நாற்பதாவது நிமிடம் அவர், "போதும்மா, புரிஞ்சிடுச்சு. நீங்க ஒக்காருங்க, நீங்க நடக்குறத பாத்தா எனக்கே படபடன்னு வருது" என்றார்.

"ஒரு மணி நேரம்னு சொன்னீங்களே சார். இருக்கட்டும்."

மீதி இருபது நிமிடமும் சுவருக்கும் மேசைக்கும் நடுவில் நடந்தாள். அறுபதாவது நிமிடத்தில் முப்பத்து நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள்.

ஏப்ரல் நான்காம் தேதி, திங்கட்கிழமை, ரேகா சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள்.