மஞ்சப்பையில் இருந்த தாள்

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற எவர் கையிலும் ஒரு மஞ்சப்பை இருக்கும். உள்ளே சீட்டு, ஸ்கேன், காலி மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கும். அந்தப் பையை ஒழிக்கக் கிளம்பியவள் நான். அரசாங்கத்தின் டிஜிட்டல் சுகாதார அட்டைக்கு ஆள் சேர்க்கிற ஒப்பந்த வேலை. அலங்காநல்லூரைச் சுற்றி ஊர் ஊராக லேப்டாப்போடு உட்கார்ந்து, ஆதாரைத் தட்டி, ஓடிபி கேட்டு, ஆளுக்கொரு எண் போட்டுக் கொடுப்பேன்.

"இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் வெறுங்கையோட போங்க. அம்புட்டும் இதுல இருக்கும்."

பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

என் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. கல்யாணம் கூடிவரவில்லை. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டு என் வீட்டோடு இருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாய் வெந்து, தோல் உரிந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்த டாக்டர் அந்த மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்பினார். அண்ணனும் அப்படியே வைத்திருந்தார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவர் பையைக் குப்பையில் சேர்த்தேன்.

"ஏம் பாப்பா, அதுல செவப்பு மைத் தாளு இருக்கே?"

"ஒனக்குத்தாண்ணே மொத ஆளா கார்டு போட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கறத எலி கடிக்காது."

சிரித்தார். நான் பேசினால் அவர் மறுத்ததே கிடையாது. கொளுத்திவிட்டேன். அன்றைக்கு என் கையைக் கொளுத்தியிருக்க வேண்டும்.

மாசியில் ஒரே காலையில் மூன்று முறை வலிப்பு வந்தது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முன்பு சேராமல் போனது எந்த மருந்து என்று டாக்டரம்மா கேட்டார். பெருமையாக அட்டையை நீட்டினேன். கம்ப்யூட்டரில் பெயர் வந்தது, வயது வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"வெறும் நம்பர்தாங்க இருக்கு. பழைய ரிப்போர்ட்ட யாருமே ஏத்தலயே."

யார் ஏற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு வெறும் நம்பரைக் கொடுத்து வாயடித்திருக்கிறேன்! பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், அம்புட்டுப் பழைய கேஸ் ஷீட் கிடைக்காது என்று வைத்துவிட்டார்கள்.

அதற்குள் தெளிந்திருந்த அண்ணன் சொன்னார்: "ரோஸ் கலரு மாத்திர டாக்டரம்மா. அது மட்டும் எனக்கு ஆகாது."

எங்களிடம் மாத்திரைக்குப் பெயர் கிடையாது, கலர்தான். டாக்டரம்மா ரோஸ் என்றால் இன்னதாக இருக்கும் என்று யூகித்து, அதை விட்டுவிட்டு வேறொன்று எழுதினார். மருந்துக் கடையில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளையைப் பார்த்ததும் எனக்கும் அண்ணனுக்கும் நிம்மதி. அது அதே பழைய மருந்துதான், வேறு கம்பெனி வெள்ளையில் போட்டது என்று பின்னால்தான் தெரிந்தது.

பத்தாம் நாள் கண் சிவந்தது. அப்புறம் வாய், அப்புறம் உடம்பு முழுக்கக் கொப்புளம். உயிர் பிழைத்தார். கண் பிழைக்கவில்லை. வீக்கம் வடிந்தால் தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தெரியாது என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அண்ணன் கார்டுக்கு என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வீட்டுக்கு அனுப்புகிற அன்று அதில் சத்தம் வந்தது.

"என்னா பாப்பா?"

"ஒன் கார்டுல ரிப்போர்ட் ஏறிருச்சுண்ணே."

"பரவால்லயே, நீ சொன்ன மாதிரியே ஏறிருச்சே. என்ன போட்டுருக்கு? வாசி."

கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த மருந்தின் பெயரும், இனி ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பதும் கொட்டை எழுத்தில் இருந்தன. வாசித்தேன். அடுத்த வரியில் இரண்டு கண்ணிலும் பார்வை போனது, திரும்ப வாய்ப்பில்லை என்று இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றார் அண்ணன்.

"அம்புட்டுத்தாண்ணே" என்றேன்.