பௌர்ணமியன்று முகம் திருப்பிய சிஸ்டர்

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகும் ஆஸ்பத்திரியில் என்னைக் கவனித்துக்கொள்பவர் ஒரு நர்ஸ். "சாப்ட்டியாம்மா?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அதைக் கேட்கவே எனக்கு அங்கே போகப் பிடிக்கும்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நாங்கள் டீக்கடை வைத்திருக்கிறோம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பௌர்ணமியன்று சிஸ்டர் அந்த வழியாக நடந்து வந்தார். நான் சிரித்தேன். அவரோ என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விட்டார். பாசமெல்லாம் ஆஸ்பத்திரிக்குள் மட்டும்தானா என்று எனக்குக் கோபம் வந்தது. மாத்திரை தீரும் நாள் வந்தும் வீம்பாகப் போகாமல் இருந்தேன்.

அவரே போன் செய்தார். "மாத்திரை இன்னியோட தீருதே, ஏம்மா வரலை?"

மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"அட பைத்தியமே! நான் எந்தப் பிரிவு நர்ஸுனு ஊர்ல நிறைய பேருக்குத் தெரியும். நானா வந்து பேசினா, உன்னை எப்படித் தெரியும்னு கேக்க மாட்டாங்களா? வெளியில நீ கூப்பிட்டாதான் நான் பேசுவேன்."

அன்றே ஓடிப்போய் மாத்திரை வாங்கினேன்.

இப்போதெல்லாம் பௌர்ணமியன்று பாதையில் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் டீ ஆற்றுகிறேன். அவர் தலை தெரிந்ததுமே, "அக்கா, டீ சாப்ட்டுப் போங்க!" என்று நானே கூப்பிட்டுவிடுவேன். யாரென்று பக்கத்துக் கடைக்காரி கேட்டால், "எங்க அக்கா" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

- பெயர் வேண்டாமே, திருவண்ணாமலை